குட்டி யானையின் ஆட்டம் நின்னாச்சு!

யாரையாவது பிடிச்சு உட்கார வெச்சு இதைச் சொல்லியே ஆகணும்னு துடிச்சுக்கிட்டிருந்தேன், நீங்க மாட்டினீங்க! குத்துக்கல்வலசையில் எங்க வீட்டு வாசலில் நிற்கிற பழைய டாட்டா ஏஸ், அதாங்க நம்ம குட்டி யானை, இப்போ நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. வேலையைப் பார்த்தது நானும் என் மச்சினனும்.

முன்னாடி அது ஓடின லட்சணத்தைக் கேளுங்க. ஸ்டியரிங்கை ரெண்டு விரக்கடை திருப்பினாலும் சக்கரத்துக்குச் சேதியே போகாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயைப் பிளந்துக்கிட்டு வருமே காத்து, அது காலி வண்டியை ஓரமாத் தள்ளும். நான் திருப்புவேன், வண்டி யோசிச்சுத்தான் வரும். புளியரை எஸ் வளைவில் எதிரே லாரி வந்தா குலசாமியே துணை.

இந்த மாடல் 2005-ல் வந்தப்போ 702 சிசி, ரெண்டே சிலிண்டர், 750 கிலோ பாரம்னு கணக்கு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏத்துறவங்க யாரு அந்தக் கணக்கைப் பார்க்கிறாங்க? ஆனா இதோட அழகே அடியிலதான் இருக்கு: முன்னாலயும் ஒத்தை ஆக்சில், பட்டை ஸ்பிரிங், சக்கரம் திரும்புறதுக்கு அச்சா நிக்கிற கிங் பின். எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டுது!

இப்போ நினைச்சுப் பாருங்க. நான் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருக்கேன், மச்சினன் ஸ்டியரிங்கை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுறான், ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடோட முனையை, அதாங்க டை ராடு எண்டை, நான் கையால் பொத்திப் பிடிச்சிருக்கேன். ராடு நகருது, அது மாட்டியிருக்கிற ஆர்ம் நகரல. நடுவில் ஒரு 'டிக்', உள்ளங்கையில் அப்படியே தட்டுது! "சிக்கிட்டான்டா!"ன்னு நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரி கரண்டியோட வாசலுக்கு ஓடி வந்துட்டா. அடுத்து, பின் சக்கரத்துக்குக் கல் வெச்சு, ஜாக்கி ஏத்தி, சேஸுக்குக் கனமான கட்டை கொடுத்தோம் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டிராதீங்க). சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு அசைச்சா கடகடன்னு ஆடுது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேரிங் தேய்மானம்னா மிதிச்சதும் ஆட்டம் நின்னுரும். நிக்கல. "அத்தான், அப்போ கிங் பின்னுதான்!"னு மச்சினன் குதிக்கான், எனக்கு என்னமோ லாட்டரி விழுந்த சந்தோஷம்!

அப்புறம் நடந்ததெல்லாம் திருவிழாதான். டை ராடு எண்டு ஏறியிருக்கிற மரையை எண்ணிக் குறிச்சுக்கிட்டு (புது எண்டும் அதே கணக்கில் ஏறணும்ல), ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, ஆர்மோட கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் ரெண்டு போடு போட்டதும் 'டப்'புன்னு விட்டுச்சு பாருங்க, அந்தச் சத்தத்துக்கே இன்னொரு எண்டைக் கழட்டலாம்! கிங் பின்னைத் தட்டி எடுத்தா ஒரு பக்கம் பள்ளமாத் தேஞ்சு, சாரல் சீசன் சேறெல்லாம் துருவா உறைஞ்சு கிடக்கு. புது புஷ்ஷுக்கு ரீமர் போட மட்டும் தென்காசி லேத்துக்குப் போக வேண்டியிருந்தது, அதை விடுங்க. திரும்பி வந்து பின்னை இறக்கினா வழுக்கிக்கிட்டு உட்காருது. பட்டை ஷாக்கிளுக்குப் புது ரப்பர் புஷ் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் நிக்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியா முறுக்கினோம். தூக்கி வெச்சே முறுக்கினா ரப்பர் திருகிக்கிட்டுச் சீக்கிரம் கிழிஞ்சுரும். கடைசியில் கிரீஸ் பம்ப். அமுக்க அமுக்க முதலில் கருப்பா வருது, அப்புறம் பழுப்பு, அப்புறம் பளபளன்னு புது கிரீஸ் எட்டிப் பார்க்குது, நாங்க ரெண்டு பேரும் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு நிக்கோம்!

டேப் வெச்சு முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவே முன்னாலயும் பின்னாலயும் அளந்து சரி பண்ணினோம். அலைன்மெண்ட் கடையிலும் ஒரு தடவை காட்டினேன். இப்போ விரலை அசைச்சா சக்கரம் கேக்குது! டீத்தூள் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இலஞ்சி, குற்றாலம்னு சுத்திட்டு வர்றேன், டீத்தூளும் வாங்கல. கழட்டின டை ராடு எண்டைத் துடைச்சு ஷோகேஸில் வெச்சிருக்கேன், வர்ற விருந்தாளி எல்லாம் அதை ஆட்டிப் பார்த்தாத்தான் காப்பி.

உங்க வண்டி ஸ்டியரிங்கும் ஆடுதா? இன்னிக்குச் சாயங்காலமே ஒருத்தரை உள்ளே உட்கார வெச்சு ஆட்டச் சொல்லி, அடியில் படுத்து அந்த எண்டைப் பிடிச்சுப் பாருங்க. கட்டையும் கிரீஸ் பம்பும் வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க.