மௌனம் யாருடையது?

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோ 1966-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மௌனம்' என்னும் புதினத்தை, அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி 2016-இல் 'சைலன்ஸ்' என்ற பெயரில் திரைப்படமாக்கினார். விசுவாசத்தையே பொருளாகக் கொண்ட பெரும் படங்கள் நம் காலத்தில் அரிது. ஆதலால் மிகுந்த எதிர்பார்ப்போடு அதைப் பார்த்தேன். படம் முடிந்தபோது நெஞ்சில் எஞ்சியது ஏமாற்றமே. அதன் காரணத்தைப் பொதுநிலையினராகிய உங்களிடம் சொல்வதே தகும். ஏனெனில் அப்படத்தில் உரிய இடம் மறுக்கப்பட்டவர்கள் உங்களைப் போன்றவர்களே.

கதை இதுதான். புனித பிரான்சிஸ் சவேரியார் நமது முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பின், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையேறினார். அவர் விதைத்தது முளைத்துப் பரவிய காலத்தில், 1614-இல் தொகுகவா ஆட்சி கிறிஸ்தவ மறையை நாடெங்கும் தடை செய்தது. ஜப்பான் இயேசு சபையினருக்குப் பொறுப்பாயிருந்த ஃபெரேரா, 1633-இல் குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு மறையை மறுதலித்தார். இதுவரை வரலாறு. அவரைத் தேடி ரொட்ரீகஸ், கர்ருபே என்னும் இரு இளங்குருக்கள் மறைவாக அந்நாட்டுக்குள் நுழைவது படத்தின் கதை. ரொட்ரீகஸ் கற்பனைப் பாத்திரம். ஜுசேப்பே கியாரா என்ற இத்தாலிய இயேசு சபைக் குருவின் வாழ்வை ஒட்டி வனையப்பட்டவர். ஏழை உழவர்கள் இவர்களை ஒளித்து வைத்துக் காக்கின்றனர். கர்ருபே கடலில் மடிகிறார், ரொட்ரீகஸ் பிடிபடுகிறார். ஐந்து உழவர்கள் குழியில் தொங்குகின்றனர். கிறிஸ்துவின் உருவத்தைக் குரு மிதித்தால் அவர்களை விடுவிப்பதாக அதிகாரிகள் சொல்கின்றனர். அவர் மிதிக்கிறார்.

படத்தின் சிறப்புகளை மறைப்பது நேர்மையாகாது. கடற்கரையில் நட்ட சிலுவைகளில் கட்டப்பட்ட உழவர்கள் மேல் அலைகள் மோதும் காட்சியை எளிதில் மறக்க இயலாது. சாகும் தறுவாயிலும் மோக்கிச்சி பாடும் பாடல் நம் மனத்தை உலுக்குகிறது. மீண்டும் மீண்டும் விழுந்து, மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடிவரும் கிச்சிஜிரோவிடம் நம்முள் பலரும் தம்மைக் காணலாம். பின் குறை எங்கே?

குழியில் தொங்கிய அந்த ஐவரிடமிருந்து தொடங்குவோம். அவர்களுடைய முனகலைக் காவலரின் குறட்டை என்று ரொட்ரீகஸ் முதலில் எண்ணிவிடுகிறார். அவர்கள் ஏற்கெனவே மறையை மறுதலித்துவிட்டவர்கள் என்றும், குருவைப் பணிய வைப்பதற்காகவே இன்னும் தொங்குகிறார்கள் என்றும் பின்னர் அறிகிறோம். அவர்களின் பெயரென்ன, அவர்கள் வேண்டுவது என்ன, குரு தம் பொருட்டு மிதிப்பதை அவர்கள் விரும்பினார்களா, தங்கள் மறுதலிப்புக்காக அழுதார்களா? படம் இவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை. விடுதலை பெற்ற பின் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்வதில்லை. குருவின் ஆன்மப் போராட்டத்துக்கு அவர்களின் துன்பம் ஒரு கருவியாகிவிடுகிறது. கடவுளின் மௌனத்தைப் பற்றி இத்தனை நேரம் பேசிய படத்துக்கு, தான் மௌனமாக்கிய மனிதரைப் பற்றிக் கவலையில்லை.

குழியின் விளிம்பில் நின்றறியாத நாம் ரொட்ரீகஸைத் தீர்ப்பிடுவது தகாது. திருச்சபையும் இத்தகைய துன்பத்தை முன்பே அறிந்திருக்கிறது. 250-ஆம் ஆண்டளவில் தேசியு பேரரசனின் கலாபனையில் மறுதலித்தவர்களைக் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் கைவிடவில்லை. மனம் வருந்தித் தவம் செய்தோரைத் திருச்சபை மீண்டும் ஏற்றது. ஜப்பானிய விசுவாசிகளும் இவ்வழியையே நாடினர். குருவின்றி உத்தம மனத்துயர் கொள்வது எவ்வாறு என்று கற்பிக்கும் சிறு நூலொன்று 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதனைக் கையால் படியெடுத்துத் தலைமுறைகளாகக் காத்தனர். அதிகாரிகள் முன் உருவத்தை மிதித்துவிட்டு, வீடு திரும்பி அந்த மனத்துயர் செபத்தைச் சொன்னார்கள். மிதித்தது அன்பா, துரோகமா என்ற கேள்வியிலேயே படம் சுழன்று நின்றுவிடுகிறது. வருந்தி எழுந்து நடந்த இவ்வெளியோரின் பாதை அதன் கண்ணில் படவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஜப்பான் ஒரு சதுப்பு நிலம், இங்கே கிறிஸ்தவம் வேரூன்றாது, இம்மக்கள் வணங்குவது நம் கடவுளையே அன்று என்று ஃபெரேரா வாதிடுகிறார். ரொட்ரீகஸ் மறுத்துப் பார்க்கிறார். ஆனால் கதையின் போக்கு ஃபெரேராவின் பக்கமே சாய்கிறது. இந்த வாதம் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதிதன்று. ஏழைகள் விவரமறியாமல் மதம் மாறினர் என்ற ஏளனத்தை நம் முன்னோர் எத்தனை முறை கேட்டிருப்பர்! அதற்கு வாழ்க்கையால் விடை சொன்னவர்களும் அவர்களே. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை குருவல்லர், துறவியுமல்லர், இல்லறத்தார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

ஜப்பானின் விடை 1865 மார்ச் 17 அன்று வந்தது. வெளிநாட்டவருக்கென நாகசாகியின் ஔராவில் எழுப்பப்பட்ட ஆலயத்துக்கு, உரகாமி ஊரிலிருந்து சிலர் வந்தனர். அவர்களுள் ஒரு பெண், பிரெஞ்சுக் குரு பெத்தித்ழானை அணுகி, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, மரியன்னையின் திருவுருவம் எங்கே என்று வினவினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவுமில்லை, திருப்பலியுமில்லை. ஆயினும் ஊர்தோறும் திருமுழுக்குக்கு நீர் ஊற்றுவதற்கு ஒருவரும், திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்வதற்கு ஒருவரும் பொறுப்பேற்று விசுவாசத்தைக் கைமாற்றி வந்தனர். வெளிப்பட்ட பின்னும் துன்பம் ஓயவில்லை. உரகாமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேர் நாடு கடத்துவதுபோல் பல பகுதிகளுக்குச் சிதறடிக்கப்பட்டனர். 1873-இல்தான் தடை நீங்கியது. சதுப்பு நில வாதத்துக்கு இதைவிட வலிய மறுமொழி வேறென்ன வேண்டும்?

ஒரு குருவின் கதையைச் சொல்லும் படத்திடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். படத்தின் முடிவில், அது ஜப்பானியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்தம் மேய்ப்பர்களுக்கும் காணிக்கையாக்கப்படுகிறது. மக்களை முதலில் வைத்து எழுதிய அந்த வரியே, படம் தீர்க்காத கடனைக் காட்டுகிறது. மாறாக, இறந்த ரொட்ரீகஸின் கைக்குள் மோக்கிச்சி செதுக்கிய சிறு சிலுவை இருப்பதைக் காட்டி இயக்குநர் முடிக்கிறார். புதினத்தில் இல்லாத இக்காட்சி பார்வையாளருக்கு ஆறுதல் தரலாம். ஆனால் ஒரு தனிமனிதனின் மூடிய கைக்குள் ஒளிந்திருக்கும் விசுவாசமே இங்கு இறுதிச் சொல்லாகிவிடுகிறது. அச்சிலுவையைச் செதுக்கியவன் அதை ஊரறிய ஏந்தி இறந்தவன் அல்லவா!

நம் தமிழ் மக்களின் வரலாறும் இதற்குச் சான்று. சவேரியார் முத்துக்குளித்துறை ஊர்களில் செபங்களைத் தமிழில் கற்பித்து, அவற்றைத் தொடர்ந்து சொல்லிக் கொடுக்கக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். யாழ்ப்பாணத்தை 1658-இல் டச்சுக்காரர் கைப்பற்றிக் கத்தோலிக்க மறையை ஒடுக்கியபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்குள்ள தமிழ் மக்கள் குருவின்றி விசுவாசத்தைக் காத்தனர். 1687-இல் கோவாவைச் சேர்ந்த புனித யோசேப் வாஸ் பிச்சைக்காரரைப் போல் உடுத்தி, கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களே தம் மக்கள் என அறிந்தார். விருதுநகர், சிவகாசிப் பகுதியின் கிளைப் பங்குகளிலும், குரு மாதம் ஒருமுறை வந்து சென்ற காலத்தில் ஊரைச் செபத்தில் கூட்டியவர் உபதேசியாரே. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருச்சபையைப் பற்றிய கொள்கை விளக்கத்தில் இறைமக்களைப் பற்றி முதலில் பேசி, திருஆட்சியாளரைப் பற்றி அதன் பின்பே பேசியது.

கடவுள் ஏன் மௌனமாயிருக்கிறார் என்ற கேள்வியைக் குருவின் வாயில் மட்டும் வைப்பதை நம் வட்டாரத்தார் எவ்வாறு ஏற்பர்? 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காப்பாற்ற ஓடியவர்களும் அவர்களுள் இருந்தனர். எரிந்த உடலை அடையாளம் காட்ட நிற்கும் தாய்க்கு அக்கேள்வியை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. துக்கம் ஆறுமுன்னே பிழைப்புக்காக அவள் மீண்டும் மருந்தின் நடுவே சென்று அமர்கிறாள். ஞாயிறன்று பீடத்தின் முன்னும் வந்து முழந்தாளிடுகிறாள். கேள்வி தீர்ந்துவிட்டதால் அவள் வருவதில்லை. கேள்வியையும் எடுத்துக்கொண்டே வருகிறாள். கல்வாரியில் ஆண்டவரும் அவ்வாறே தந்தையை நோக்கிக் கதறினார். இத்தகைய விசுவாசத்தின் குரலைக் கேட்கும் செவி படத்துக்கு வாய்க்கவில்லை.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அன்பியத்தில் கூடிப் பாருங்கள். பார்த்தபின், ரொட்ரீகஸ் செய்தது சரியா தவறா என்று மட்டும் விவாதித்துக் கலைந்துவிடாதீர்கள். குழியிலிருந்து தூக்கிவிடப்பட்ட அந்த ஐவரும் அன்றிரவு வீடு திரும்பித் தம் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பர் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பின்பு 1865-இல் ஔரா ஆலயத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் வரலாற்றைச் சிறுவருக்குச் சொல்லுங்கள். ஸ்கோர்செசி படமாக்காமல் விட்ட பகுதி அதுவே.