எட்டு கனெக்‌ஷனும் முடிவில்லாத காத்திருப்பும்

"சர்வர் ஹேங் ஆயிடுச்சு"ன்னு போன் வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது சிபியுவை. அது சும்மா கிடக்கும். டேட்டாபேஸ்காரரைக் கேட்டால், "என் பக்கம் லோடே இல்லையே சார்" என்பார். சில வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஒரு ப்ராஜெக்டில், சம்பளம் போடும் நாளன்று இதேதான் நடந்தது. ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். லாகில் ஒரு எரர்கூட இல்லை.

கடைசியில் த்ரெட் டம்ப் எடுத்தோம். டாம்கேட்டின் 200 த்ரெட்களும் ஒரே இடத்தில், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கேட்டு வரிசையில் நின்றன.

டாம்கேட் 8-லிருந்து அதோடு வருவது காமன்ஸ் டிபிசிபி 2. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது தரும் கனெக்‌ஷன் அதிகபட்சம் 8. காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பே கிடையாது. "நாங்கதான் குறிப்பிட்டிருந்தோமே!" என்று வாதாடினேன். ஆனால் நாங்கள் எழுதியது பழைய பெயர்களை: மேக்ஸ்ஆக்டிவ், மேக்ஸ்வெயிட். புதிய பதிப்பில் அவை மேக்ஸ்டோட்டல், மேக்ஸ்வெயிட்மில்லிஸ். பழைய பெயரைப் பார்த்தால் அது சர்வரை நிறுத்தாது. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு மேலே போய்விடும். ஆயிரம் வரிக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்?

8 என்ற எண்ணில் எனக்குப் புகார் இல்லை. புகார் அந்த வரம்பில்லாத காத்திருப்பின் மேல்தான். கனெக்‌ஷன் தீர்ந்துபோனால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நிற்க வைப்பது, டோக்கன் தீர்ந்தபிறகும் கவுண்டரை மூடாமல் கூட்டத்தை நிறுத்தி வைப்பது மாதிரி.

தப்பு எங்கள் பக்கமும் இருந்தது. வங்கிக் கணக்கு எண் தவறாக இருந்தால், கனெக்‌ஷனை மூடாமலே ஒரு மெத்தட் ரிட்டர்ன் ஆனது. அப்படி எட்டுப் பேர் வந்தால் கதை முடிந்தது. "அளவை 100 ஆக்குங்க"ன்னு ஒரு யோசனை வந்தது. ஓட்டையை அடைக்காமல் பெரிய தொட்டி வாங்குவது அது. அதுவுமில்லாமல் போஸ்ட்கிரஸ் இயல்பாக ஏற்பதே மொத்தம் 100 கனெக்‌ஷன்தான். இரண்டு சர்வர் ஆளுக்கு 100 கேட்டால் என்ன ஆகும்?

டிபிசிபி இதற்கு வைத்திருக்கும் மருந்து ரிமூவ்அபான்டன்ட். 300 விநாடி பயன்படுத்தாத கனெக்‌ஷனை, தொகுப்பு காலியாகும் நிலையில் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் குவெரி தொடங்கிய கணத்திலிருந்துதான் அது கணக்குப் போடுகிறது. ஆறு நிமிஷம் நேர்மையாக ஓடும் ஒரு ரிப்போர்ட்டும் அதன் கண்ணுக்கு அநாதைதான்.

இந்த இடத்தில் ஹிகாரிசிபி செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அது பிடுங்குவதில்லை. கனெக்‌ஷனை யார் எடுத்தார்கள் என்று ஸ்டாக் ட்ரேஸோடு எச்சரிக்கும். பிறகு திரும்பி வந்தால் அதையும் சொல்லும். ஆனால் அதிலும் குறை உண்டு. இந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்கிறது. காத்திருப்பு வரம்பு 30 விநாடி. வெப் பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது ரொம்ப அதிகம்.

பெஞ்ச்மார்க் பார்த்து எது வேகம்னு சண்டை போடுறோம். கனெக்‌ஷன் பூலிங் லைப்ரரியை நான் இப்போது ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: கையில் ஒன்றும் இல்லாதபோது அது என்ன சொல்கிறது?

எங்கள் கோடில் எல்லா இடத்திலும் ஜாவா 7-லேயே வந்துவிட்ட ட்ரை-வித்-ரிசோர்சஸ் போட்டோம். காத்திருப்பை 5 விநாடி ஆக்கினோம். அடுத்த மாசம் சம்பள நாளில் ஒரு எரர் வந்தது, லாகில், எந்த வரி என்று சொல்லிக்கொண்டு. பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டோம்.