ஒரு குரலுக்கு இரு விலை

1932இல் தோன்றிய அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மக்கள் பணத்தில் வளர்ந்த தாபனம். வானொலி அனுமதிக் கட்டணம் 1974இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் வரிப்பணமே அதன் சீவாதாரம். அதன் உதைபந்தாட்ட நேர்முக வர்ணனையும் அப்பணத்தின் விளைவே.

2011இல் அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம், அடுத்த ஐந்தாண்டுக்குரிய தொலைக்காட்சி, இணைய உரிமைகளை 125 கோடி டொலருக்கு மேலாக விற்றது. இணைய உரிமை டெல்ஸ்ட்ரா கம்பனியைச் சேர்ந்தது. விளைவு யாது? வானலையில் எவரும் கேட்கக்கூடிய வர்ணனை, கூட்டுத்தாபனத்தின் சொந்த இணைய ஒலிபரப்பிலே மௌனமாக்கப்பட்டது. இணையத்தில் ஆட்டத்துக்குச் சந்தா கேட்கும் அதிகாரம் கம்பனிக்கு வாய்த்தது.

“விலை கொடுத்து வாங்கியவன் கட்டணம் கேட்பதில் தவறென்ன?” என்பர் சிலர். சம்மேளனம் விற்றது ஆட்டத்தை. வர்ணனையாளரின் குரலோ அதன் சொத்தன்று. அக்குரலுக்குரிய ஊதியத்தை மக்கள் முன்னரே செலுத்திவிட்டனர். அதற்கு மீண்டும் சந்தா கேட்பது ஒரே பண்டத்தை இருமுறை விற்பதாகும்.

2017 ஜனவரியில் வட பிராந்தியத்துச் சிற்றலைச் சேவையும் நிறுத்தப்பட்டது. பழைய அலைகள் ஓய ஓய, இணையமே பொதுப்பாதையாகிறது. அப்பாதையில் சுங்கச்சாவடி எழுமாயின் முதலில் தடுக்கப்படுபவன் ஏழையே.

மக்கள் பணத்திற் பிறந்த குரல் எவ்வழியே சென்றாலும் மக்களை இலவசமாக அடைதல் வேண்டும். உரிமைகள் விற்கப்படும் ஒப்பந்தத்திலேயே இந்நிபந்தனை எழுதப்படுக!