டிக்கியின் அரசியல்: ஒரு செடான் காருக்கான காத்திருப்பை முன்வைத்து

1

காரைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு கம்பெனி தன் வண்டியின் மூக்கையும் வாலையும் மாற்றுவதைப் பற்றிப் பேச விளம்பரக்காரர்கள் இருக்கிறார்களே என்பார்கள். ஆனால் தமிழ்ச் சூழலில் இன்று எந்தக் கவிதைத் தொகுப்பும் இவ்வளவு ஆவலாக எதிர்பார்க்கப்படுவதில்லை. எந்தப் பிரதியும் இவ்வளவு நுணுக்கமாக வாசிக்கப்படுவதுமில்லை. எழுதுவதற்கு அதுவே போதிய காரணம்.

2024 நவம்பர் 11 அன்று மாருதி சுசுகியின் நான்காம் தலைமுறை டிசையர் வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் எடப்பாடியில் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் சிலருக்கு வேறு பேச்சே இல்லை. ஒருவர் விசைத்தறிக்காரர் மகன், ஒருவர் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவர், ஒருவர் வாடகை வண்டி ஓட்டுகிறவர். கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட உறையைச் சுற்றிக்கொண்டு சோதனை ஓட்டம் போகும் வண்டியை எங்கோ யாரோ சாலையில் பிடித்த படம் செல்பேசிக்கு வரும். உறைக்கு அடியில் விளக்கு எங்கே முடிகிறது, பின்கண்ணாடி எந்தச் சரிவில் இறங்குகிறது, கூரையில் திறப்பு உண்டா என்று விவாதம் தொடங்கிவிடும். ‘முன்னாடி பாத்தா ஆடி காரு மாதிரியே இருக்குதுங்க’ என்பார் ஒருவர். ‘நாலு சிலிண்டர எடுத்துட்டு மூணு குடுத்தா அதுக்குப் பேரு புதுசுங்களா?’ என்பார் இன்னொருவர். இரண்டுமே விமர்சனம்தான். ஒன்று உருவத்தை ஒப்பிட்டு வாசிக்கிறது, மற்றது உள்ளடக்கத்தைக் கேட்கிறது.

வண்டியின் பெயரே ஆசை. ஆங்கிலத்தில் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு ஆசையை வணிகப் பெயராக்கினார்கள். தமிழில் எழுதும்போது அந்த மாற்றமும் மறைந்து வெறும் ஆசையே மிஞ்சுகிறது. ஆசை என்றதும் நம் இடதுசாரி விமர்சனத்தின் வாயில் வரும் சொல் ‘நுகர்வு மோகம்’. இந்தச் சொல் யோசிக்கும் வேலையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது என்பதே என் கட்சி.

2

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட தொன்மங்கள் பற்றிய நூலில் சித்ரோயன் டி.எஸ். காரை ஒரு பண்பாட்டுப் பிரதியாக வாசித்தார். 1955இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த அந்த வண்டியை மக்கள் தொட்டுத் தடவிப் பார்த்தது அவர் வாசிப்பில் முக்கியமான இடம் பெறுகிறது. அங்கே பொருள் கண்முன்னால் இருந்தது. இன்றைய ரசிகனுக்குப் பொருள் இல்லை, உறை போட்ட படம்தான் இருக்கிறது. வண்டி வருவதற்கு முன்பே அதைப் பற்றிய சொல்லாடல் முடிந்துவிடுகிறது. ஷோரூமில் பார்க்கும்போது ஏற்கனவே வாசித்ததைச் சரிபார்ப்பது மட்டுமே மிச்சம்.

இந்தக் காத்திருப்பு இயற்கையானது அல்ல, உற்பத்தி செய்யப்பட்டது. ஃபோர்டின் ‘டி’ மாடல் 1908 முதல் 1927 வரை பெரிதாக உருமாறாமல் விற்றது. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன், ஆண்டுதோறும் உருவத்தை மாற்றி, போன வருடம் வாங்கியவனைத் தன் வண்டியின் மீதே அதிருப்தி கொள்ளச் செய்யும் முறையை நிலைநிறுத்தினார். காரோடு சேர்த்து அதிருப்தியும் தொழிற்சாலையில் தயாரானது.

நம் நாட்டுக் காத்திருப்புக்கு வேறொரு வரலாறு உண்டு. 1957இல் தொடங்கி 2014இல் உத்தர்பாரா ஆலை நிற்கும் வரை அம்பாசிடர் அடிப்படையில் ஒரே உடம்போடு ஓடியது. கிரில் மாறும், விளக்கு மாறும், அவ்வளவுதான். அன்று பணம் கட்டியவன் வண்டி கைக்கு வருவதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான், உருவம் மாறுவதற்காக அல்ல. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானது. லைசென்ஸ் ராஜ்ஜியம் போயிற்று, காத்திருப்பு மட்டும் போகவில்லை. வண்டிக்குக் காத்திருந்தவர்கள் வண்டியின் அடுத்த வடிவத்துக்குக் காத்திருக்கலானார்கள்.

3

இவ்வளவு கூர்மையாக வாசிக்கும் ரசிகனின் கண்ணில் பெரும்பாலும் படாத ஒரு வரி இந்தப் பிரதியில் இருக்கிறது.

2008இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர். டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டர். 2012இல் வந்த இரண்டாவது 3995 மில்லிமீட்டருக்குக் குறுகியது, டிக்கி 316 லிட்டர் ஆனது. 2017இல் வந்த மூன்றாவதும் 3995. 2024இல் வந்த நான்காவதும் 3995. வால் வெட்டப்பட்டது ஏன்? 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நான்கு மீட்டருக்கு மிகாத நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. வரை எஞ்சின்: ‘சிறிய கார்’ என்பதன் இலக்கணம் இதுதான். 2008இல் டாடாவின் இண்டிகோ சி.எஸ். இந்த அளவுக்குள் அடங்கி வந்தது. பிறகு டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் எக்ஸென்ட் என்று எல்லாம் அதே கோட்டுக்குள் உட்கார்ந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் இருப்பவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மீறுபவற்றுக்கு 40 சதவீதம். கோடு இன்னும் ஆழமாகியிருக்கிறது.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த்தை வைத்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்தப் பிரதியின் ஆசிரியர் டெல்லி நிதியமைச்சகத்தில் நன்றாக உயிரோடு இருக்கிறார். பின்பக்கம் மொட்டையாக இருக்கிறது என்று நம் ரசிகன் வடிவமைப்பாளரைத் திட்டும்போது, அவன் திட்டுவது உண்மையில் வரிச் சட்டத்தை. எதிர்பாராத எதுவும் நடக்க முடியாத நான்கு மீட்டருக்குள் அவனுடைய எதிர்பார்ப்பு முழுவதும் அடைக்கப்பட்டிருக்கிறது.

எடப்பாடிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், எந்தப் புடவையை, எந்த வேட்டியை, எந்தத் துண்டைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று சொல்கிறது. கரை எப்படி இருக்கலாம் என்பது ரசனை மட்டுமல்ல, சட்டமும்கூட என்று தறிக்காரர் வீட்டில் பிறந்தவருக்குத் தெரியும். தறியில் தெரிந்த இந்த உண்மை காருக்கு வரும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது? பண்டம் தன்னைச் செய்த உறவுகளை மறைத்துக்கொள்கிறது என்று மார்க்ஸ் சொன்னது இதைத்தான்.

4

புது மாடல் வந்தால் பழைய மாடல் என்ன ஆகிறது? 2012இலும் 2017இலும் புதிய டிசையர் வந்தபோது, முந்தைய தலைமுறை வண்டி ‘டூர்’ என்ற பெயரில் வாடகைக்கு ஓட்டுபவர்களுக்குத் தொடர்ந்து விற்கப்பட்டது. முதலாளியின் நேற்றைய கனவு ஓட்டுநரின் இன்றைய பிழைப்பு. வெள்ளைப் பலகை வண்டிக்கு வேகத்தை அடக்கும் கருவி கட்டாயமில்லை, மஞ்சள் பலகை வண்டிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கருவி உண்டு. ஒரே இரும்பில் இரண்டு வர்க்கங்கள்.

‘டாக்ஸி மாதிரித் தெரியக் கூடாதுங்க’ என்பது நம் ரசிகர்களின் முக்கியமான அழகியல் கோட்பாடு. பின்விளக்கில், சக்கரத்தில், கூரைத் திறப்பில் அவர்கள் தேடும் புதுமையின் உட்பொருள் இதுவே: ஓட்டுகிறவனாகத் தெரியாமல் உடையவனாகத் தெரிய வேண்டும். இந்தக் கூட்டத்தில் வாடகை வண்டி ஓட்டும் நண்பரும் உட்கார்ந்திருக்கிறார், அவரும் தலையாட்டுகிறார். மேலாண்மை என்பது இப்படித்தான் வேலை செய்கிறது.

இதற்கு நேர்மாறான வண்டிப் பண்பாடு நம் பக்கத்திலேயே இருப்பதைச் சொல்ல வேண்டும். சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள். கம்பெனியிலிருந்து வரும் சேசிஸுக்கு ஆசாரியும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து உடம்பு கொடுக்கிறார்கள். எவ்வளவு உயரம், என்ன நிறம், நெற்றியில் என்ன பெயர் என்பதெல்லாம் பட்டறை வாசலில் பேசித் தீர்மானமாகிறது. அங்கே யாரும் மறுவடிவமைப்புக்குக் காத்திருப்பதில்லை, செய்துகொள்கிறார்கள். வண்டியை உண்டாக்கும் அறிவு இந்த மண்ணில் இல்லாமலில்லை. டிசையர் ரசிகனுக்குக் கிடைத்திருப்பது கருத்துச் சொல்லும் உரிமை மட்டும்.

5

இதுவரை சொன்னதை வைத்து ‘ஆகவே இது போலிப் பிரக்ஞை’ என்று முடித்துவிட்டால் நம் தோழர்கள் பலருக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படி முடிக்க எனக்குச் சம்மதமில்லை.

தமிழ்நாட்டில் வாகனம் வெறும் நுகர்பொருளாக என்றுமே இருந்ததில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று தலித்துகளுக்கு விதிக்கப்பட்ட நாடு இது. கோயில் தேரின் வடத்தில் யார் கை வைக்கலாம் என்பதற்காகக் கண்டதேவியில் 1998 முதல் தொடங்கிய போராட்டம் கால் நூற்றாண்டு நீண்டது. 2012 நவம்பர் 7 அன்று, நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், நத்தம் காலனியிலும் அதை அடுத்த காலனிகளிலும் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. வெளியூர்களில் வேலை செய்து அந்த மக்கள் சேர்த்திருந்த பீரோ, தொலைக்காட்சி, இருசக்கர வண்டி எல்லாம் அதில் எரிந்தன. எரித்தவர்களுக்கு நுகர்வுக் கலாச்சாரத்தின் மேல் கோபமில்லை, நுகர்ந்தது யார் என்பதில்தான் கோபம். சேர்த்துவைத்த பொருளில் அவர்கள் சமத்துவத்தை வாசித்தார்கள். அந்த வாசிப்பு, வருத்தத்தோடு சொல்கிறேன், நம் விமர்சகர்களின் வாசிப்பைவிடச் சரியானது.

கார் வாங்கத் துடிப்பவனைப் பார்த்து எளிமையாக வாழக் கற்றுக்கொள் என்று சொல்வதற்கு முன், எளிமை யார்மீது சட்டமாகத் திணிக்கப்பட்டிருந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. டிக்கி வைத்த வண்டியில் ஊருக்குள் போய் இறங்குவது ஒருவனுக்குப் பவுசு, இன்னொருவனுக்கு அதுவே மானம். அதே வண்டியின் பின்கண்ணாடியில் சாதிப் பெயரையும் சாதித் தலைவர் படத்தையும் ஒட்டிக்கொண்டு போகிறவனும் இருக்கிறான். ஆசை ஒன்றாக இருக்கலாம், அதன் அரசியல் ஒன்றல்ல. பிரித்துப் பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை.

6

ரசிகர்களின் வாசிப்பு அறிவு ஓர் இடத்தில் அரசியலாகவும் மாறியிருக்கிறது. 2014இல் குளோபல் என்கேப் இந்தியாவில் விற்கும் வண்டிகளைச் சுவரில் மோதிச் சோதித்தபோது ஆல்டோ, நானோ, ஐ10, ஸ்விஃப்ட் முதலியவை ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதுவரை ‘மைலேஜ் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டவர்கள் ‘மோதினா என்ன ஆகும்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். தகரம் என்று கேலி செய்தார்கள், பட்டியல் போட்டு ஒப்பிட்டார்கள். 2023இல் பாரத் என்கேப் என்ற அரசுத் திட்டம் வந்தது. 2024 டிசையர் எல்லா வகையிலும் ஆறு காற்றுப்பைகளோடு வந்து, குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் மாருதி வண்டியானது. சட்டமும் போட்டியும் இதில் சேர்ந்தே வேலை செய்தன. ஆனாலும் வாங்குகிறவர்கள் கேட்ட கேள்விக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் கேள்வி கதவோடு நின்றுவிட்டது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டிகளில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். ஆறு காற்றுப்பைகளும் இவர்களுக்கு இல்லை. அதிகாலையில் தறி ஓட்டப் பழைய மொபெட்டில் போகிறவர் எந்த நட்சத்திரக் கணக்கிலும் வரமாட்டார். 2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டபோது, எத்தனை மணி நேரம் மிச்சம் என்று நம் ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். கிணறும் தென்னையும் போகிறது என்று அழுத விவசாயி அந்தக் கணக்கில் இல்லை. 2019இல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்ததையும், 2020இல் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றியதையும் அவர்கள் ஒரு மாடலின் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போவதைப் போலவே படித்தார்கள்.

ஆகவே நம் முன்னால் இருக்கும் வேலை இந்த ஆசையைக் கண்டிப்பது அல்ல. விளக்கின் வளைவை, சிலிண்டரின் எண்ணிக்கையை, கதவு மூடும் சத்தத்தை இவ்வளவு நுட்பமாக வாசிக்கும் கண் நம் இளைஞர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. நான்கு மீட்டர் என்று கோடு போட்டது யார், டூர் வண்டி ஓட்டுபவருக்கு இரவில் தூங்க இடம் எங்கே, நடந்து போகிறவருக்கு ஐந்து நட்சத்திரச் சாலை எப்போது என்று அந்தக் கண் கேட்க வேண்டும். அடுத்த டிசையர் எப்படியும் வரும், அதுவும் 3995 மில்லிமீட்டரில்தான் நிற்கும். அதற்குள் இந்தக் கேள்விகளைக் கொண்டு அவர்களிடம் போகிறோமா, அல்லது ‘நுகர்வு மோகம்’ என்று தலைப்புப் போட்டு நமக்கு நாமே எழுதிக்கொள்கிறோமா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும்.