கையெழுத்து அழிந்த படங்கள்

நம் சமுதாயத்தார் இல்லங்களில் முன்கூடத்துச் சுவரை நோக்கினால், ஒருபுறம் கஃபத்துல்லாஹ்வின் படமும் மறுபுறம் மதீனத்துப் பச்சைக் குப்பாவின் படமும் சட்டமிட்டுத் தொங்கக் காணலாம். கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற நாள்களில் ஜம்ஜம் நீரோடும் பேரீச்சம் பழத்தோடும் தஸ்பீஹ் மணியோடும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தவை அவை. செல்ல வசதியற்ற எத்தனையோ தாய்மார் அப்படங்களைப் பார்த்தே கண் நனைந்திருக்கின்றனர். ஆயினும், அப்புனிதத் தலங்களை முதன்முதல் நிழற்படத்தில் பதித்த கை யாருடையது என்னும் வினாவை நாம் எழுப்பியதில்லை. கவிதையைப் படித்தால் புலவர் பெயரைக் கேட்கிறோம். பள்ளிவாசலைக் கண்டால் கட்டியவர் பெயரைக் கேட்கிறோம். படத்தை மட்டும் தானே முளைத்த பொருள் போல ஏற்றுக்கொள்கிறோம். அத்தகைய படக்காரர் இருவரின் பணியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒருவர் எகிப்திய இராணுவ அதிகாரி. மற்றவர் மக்கத்து மருத்துவர்.

அதிகாரியின் பெயர் முஹம்மத் ஸாதிக் பே. கெய்ரோவிலும் பின்னர்ப் பாரிஸிலும் பயின்ற பொறியியலாளர். நில அளவையில் வல்லவர். 1861ஆம் ஆண்டு, செங்கடற்கரைத் துறைமுகமாகிய வஜ்ஹிலிருந்து மதீனா வரையுள்ள பாதையை அளந்து வரையும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அளவைக் கருவிகளோடு கேமராவும் அவருடன் சென்றது. திருமதீனாவைப் பதித்த நிழற்படங்களில் நாம் அறிந்தவற்றுள் முதலாவன அப்பயணத்தில் அவர் எடுத்தவையே. 19 ஆண்டுகள் கழித்து, 1880இல், எகிப்திலிருந்து ஆண்டுதோறும் கஃபாவின் கிஸ்வாத் துணியோடு புறப்படும் மஹ்மல் பயணக் குழுவின் பொருளாளராக அவர் மீண்டும் ஹிஜாஸ் சென்றார். இம்முறை மக்காவும் அவர் கேமராவில் பதிந்தது. அதற்கு முன் அந்நகரை எவரும் நிழற்படம் எடுத்ததாகத் தெரியவில்லை. குழுவின் கணக்கைப் பார்ப்பதும், தொழுவதும், ஹஜ்ஜுக் கிரியைகளை நிறைவேற்றுவதும், இடையே படமெடுப்பதுமாக அவருடைய நாள்கள் கழிந்தன.

படமெடுத்தல் என்றவுடன் இன்றைய கைப்பேசியை எண்ணிவிடக் கூடாது. அக்காலத்து ஈரத்தகட்டு முறை ஒரு சிறு இரசாயனசாலையையே சுமந்து திரியும் வேலையாகும். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராகப் படரவிட வேண்டும். இருட்டுக் கூடாரத்தினுள் அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கேமராவில் செருகிப் படமெடுத்து, உடனே கூடாரத்துக்கு ஓடிக் கழுவியெடுக்க வேண்டும். சில நிமிடங்கள் தாமதித்தாலும் தகடு பாழ். ஹிஜாஸின் வெயிலிலோ ஈரம் இன்னும் விரைவில் உலரும்; ஒரு மணற்காற்று வீசினால் பசையில் துகள் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தகடுகள் உடையாமல் ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் கடப்பது எவ்வாறென்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, படங்களின் தரத்திற்கு வருவோம். ஸாதிக் பேயின் படங்களில் அளவையாளரின் கண் துலங்குகிறது. உயரமான இடம் தேடி ஏறி, மஸ்ஜிதின் முழு வளாகத்தையும் மினாராக்களையும் சூழ்ந்த மனைகளையும் ஒரே பார்வைக்குள் அடக்க முயல்கிறார். வரைபடத்தில் எது எங்கே இருக்கிறதோ அது படத்திலும் அங்கேயே இருக்கவேண்டும் என்னும் பிடிவாதம் அவருடையது. இதனை உணர்ச்சியற்ற படம் என்று சிலர் கூறக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. புனிதத் தலத்தின்முன் நிற்கும் அடியவன் குரல் தாழ்த்திப் பேசுவதைப் போல, இப்படங்கள் எட்ட நின்று நோக்குகின்றன. அக்காலத் தகடுகளுக்கு நீண்ட ஒளிபடு நேரம் தேவைப்பட்டமையால், நடந்துகொண்டிருப்போர் புகைபோல் மங்கிவிடுவர்; அசையாது அமர்ந்தோரும் நின்றோருமே உருப்பெறுவர். தவாஃப் சுற்றும் கூட்டத்தை அந்தக் கேமராவால் பிடிக்க இயலாது. கருவியின் குறையே ஒரு வகை அடக்கமாக அமைந்துவிட்டது என்போம்.

அவர் மனிதரையே எடுக்கவில்லை என்பதன்று. கஃபாவின் திறவுகோலைக் காத்துவந்த ஷைபி குடும்பத்துப் பெரியவரை அவர் எடுத்த படம் பெயர் பெற்றது. உருவப்படம் கூடுமா என்னும் வினா அன்றே உலமாக்களிடையே எழுந்ததுண்டு. பிற்காலத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மத் பகீத் அல் முதீஈ, நிழற்படம் என்பது நிழலைப் பிடித்து வைத்தலேயன்றிப் புதிதாய் உருவம் படைத்தலன்று என்று வாதித்து ஒரு நூலே எழுதினார். மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் இன்றளவும் உளர். அவ்விவாதம் நம் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

1881இல் வெனிஸ் நகரில் கூடிய அனைத்துலகப் புவியியல் மாநாட்டில் ஸாதிக் பேயின் படங்கள் தங்கப்பதக்கம் பெற்றன. ஹஜ்ஜுப் பயணிகளுக்கான வழிகாட்டி நூல்களையும் எழுதி, 1902இல் அவர் மறைந்தார். அவருடைய பெயரும் உழைப்பும் அவரிடமே நின்றன. மக்கத்து மருத்துவரின் கதை அவ்வாறு முடியவில்லை.

ஹாலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஹஜ்ஜைப் பற்றியே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே. 1884இல் ஜித்தா வந்திறங்கினார். இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்து அப்துல் கஃப்பார் என்று பெயர் சூடி, 1885 பிப்ரவரியில் மக்கா புகுந்தார். அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். மக்காவில் அவருக்கு இல்லம் தந்து உதவியவர் ஒரு மருத்துவர். அவர் பெயரும் ஸய்யிது அப்துல் கஃப்பாரே! விருந்தினர் விருந்தளித்தவருக்குக் கேமராக் கலையைக் கற்பித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஹஜ்ஜுக் காலம் வருமுன்னரே, உதுமானிய அரசு ஸ்னூக்கை வெளியேற்றிவிட்டது. ஆய்வேட்டில் அவர் எழுதிய ஹஜ்ஜை நேரில் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

மருத்துவரோ மக்காவிலேயே இருந்தார். தொடர்ந்து படமெடுத்தார், ஜித்தாவிலிருந்த டச்சுத் துணைத்தூதரகத்தார் வாயிலாக அப்படங்கள் ஹாலந்து சென்றன. அராஃபா மைதானத்துக் கூடாரங்கள், மினா, ஹரம் ஷரீஃபில் அணியணியாய்த் தொழுவோர் ஆகியவை அவர் கண்டு பதித்த காட்சிகள். படங்களின் அடியில் அழகிய அரபு எழுத்தில், இது மக்கத்து மருத்துவர் ஸய்யிது அப்துல் கஃப்பாரின் நிழற்படம் என்று தம் பெயரைப் பொறித்தார். 1889இல் ஸ்னூக் வெளியிட்ட மக்காப் படத்தொகுப்பில் அக்கையெழுத்து இல்லை. தம்மிடம் பயின்ற மக்கத்து மருத்துவர் ஒருவர் என்ற குறிப்பு இருந்ததேயன்றிப் பெயர் இல்லை. பின்னர் நெடுங்காலம் அப்படங்கள் ஸ்னூக்கின் படங்கள் என்றே உலகெங்கும் மறுபதிப்பாயின.

இதனைப் பதிப்பக வழக்கம் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. நாம் ஏற்பதற்கில்லை. நபிமொழி ஒன்றைக் கேட்டால், யாரிடமிருந்து யார் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைக் கடைசி வரை விடாது பற்றிச் செல்லும் மரபு நம்முடையது. ஒரு பெயர் விடுபட்டாலும் அச்செய்தியின் தரம் தாழ்கிறது. கண்ணால் கண்டவர் பெயரை நீக்கிவிட்டுக் காணாதவர் பெயரில் சாட்சியத்தை வழங்குவது அம்மரபின்படி எத்தகைய செயல்? அப்படங்கள் யாருக்குப் பயன்பட்டன என்பதும் மறக்கத்தக்கதன்று. ஸ்னூக்கின் தனி அக்கறை, மக்காவில் தங்கியிருந்த ஜாவா, சுமத்ரா முதலிய கீழைத்தீவு முஸ்லிம்களின்மேல் இருந்தது. 1889இல் கீழைத்தீவுகளுக்குச் சென்ற அவர், டச்சு அரசின் ஆலோசகராகி, அச்சே முஸ்லிம்களுக்கெதிரான போரில் அவ்வரசுக்கு வழிகாட்டினார்.

ஆயின், மருத்துவருக்கு நேர்ந்த அநீதிக்காக அவர் படங்கள் அனைத்தையும் புகழ்ந்து தள்ளுவதும் விமர்சனமாகாது. கைத்திறனில் அவர் சீரானவரல்லர். முன்னின்ற சில முகங்கள் மங்கியுள்ளன. வீட்டு முற்றத்தில் விரித்த கம்பளமும் பின்னே தொங்கும் துணியும் சில படங்களுக்கு நாடகச் சாயல் தந்துவிடுகின்றன. ஆனால் அம்முகங்களில் ஓர் இயல்பு காண்கிறோம். அவை நோட்டம் பார்க்க வந்த அந்நியனை நோக்கவில்லை. தெரிந்த வைத்தியரை நோக்குகின்றன. தலைப்பாகையைச் சரிசெய்து, தம் மதிப்பு குன்றாமல் அமர்ந்திருக்கின்றனர் அம்மக்கத்துப் பெருமக்கள்.

அவற்றுள் ஒரு படம் நம்மை வெகுநேரம் நிறுத்திவிடுகிறது: மக்கத்து வணிகர் ஒருவரும் அவருடைய சர்க்கேசிய அடிமையும். இருவருமே நல்லாடை அணிந்துள்ளனர். யார் உடையவர், யார் உடைமை என்பதைத் தலைப்பே சொல்ல வேண்டியிருக்கிறது. அடிமையை விடுதலை செய்தலை நன்மையென உயர்த்திய மார்க்கத்தின் மைய நகரிலேயே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடிமைகள் இருந்தனர் என்பதைப் படம் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. பழைய மக்காவைப் பொன்னுலகமாக வருணிக்கும் நம் எழுத்தாளர்கள் இப்படத்தை ஒருமுறை பார்ப்பது நலம். படமெடுத்தவர் அந்நகரத்தவராதலின், தம் ஊரின் அன்றாட வழக்கம் எதுவோ அதனை அப்படியே வைத்துச் சென்றார்.

அவ்வூரும் இன்று மாறிவிட்டது. அக்காலப் படங்கள் சிலவற்றில் ஹரமுக்கு மேலே குன்றின்மீது தெரியும் உதுமானியர் காலத்து அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டது. 1950களில் தொடங்கிய விரிவாக்கப் பணிகளில் பழைய மனைகளும் சந்துகளும் மறைந்தன. இலட்சக்கணக்கான ஹாஜிகளுக்கு இடம் வேண்டுமென்பது உண்மையே. எனினும், இடிக்கப்பட்டவற்றின் சாளரங்களையும் மாடங்களையும் காண விரும்புவோர் இம்மருத்துவரின் படங்களிடமே வரவேண்டியுள்ளது.

பின்னர் வந்த படக்காரர்களும் உளர். எகிப்தின் இப்ராஹீம் ரிஃப்அத் பாஷா 1901 முதல் 1908 வரை சென்ற பயணங்களின் படங்களைச் சேர்த்து 1925இல் இரு பாகங்களாய் வெளியிட்டார். டெல்லியின் எச். ஏ. மிர்ஸா அண்டு ஸன்ஸ் நிறுவனத்தார் எடுத்து விற்ற ஹரமைன் படங்கள் இந்திய முஸ்லிம்களின் வீடுகளை அடைந்தன. அவர்கள் தங்கள் பெயரை இட்டே விற்றனர். நம் மலர்களிலும் நாட்காட்டிகளிலும் பழைய மக்காவின் படம் வெளியாகும்போது, அதன் கீழே 'மக்கா, பழைய படம்' என்பதற்கு மேல் ஏதும் இருப்பதில்லை. எடுத்தவர் ஸய்யிது அப்துல் கஃப்பார் என்று சேர்க்க அச்சகத்தார்க்கு ஒரு வரி இடம் போதும்.