ஐவர் அணியில் நால்வருக்கான பயிற்சி

பிரிட்டனில் போனி கிளப் என்னும் சிறுவர் குதிரைச்சவாரி அமைப்பின் பிள்ளைகள் குதிரை விளையாட்டுகளில் பெரிதாக மதிப்பது இளவரசர் பிலிப் கோப்பையை. விலையுயர்ந்த குதிரை வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் சாதாரண மட்டக்குதிரையோடு களமிறங்க ஒரு போட்டி வேண்டும் என்பது பிலிப்பின் விருப்பம். போரில் பார்வையை இழந்த கர்னல் மைக் ஆன்செல் அதற்கு வடிவம் கொடுத்தார். 1957இல் லண்டன் ஹாரிங்கேயில், 'ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ'வில் முதல் இறுதிப்போட்டி நடந்தது. அதே கண்காட்சி இப்போது அக்டோபரில் பர்மிங்காமில் நடக்கிறது. ஆறு அணிகள் இறுதிக்கு வருகின்றன. வசந்தத்தில் வட்டாரச் சுற்று, கோடையில் மண்டலச் சுற்று என்று நீளும் இந்தப் பருவத்துக்கு அணிகளைத் தயார்செய்யும் முறையில் மெச்சத்தக்கதும் உண்டு, கண்டிக்கத்தக்கதும் உண்டு.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, தவறைத் திருத்திக்கொள்ள இடம் தரும் விதி. கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் பந்தயத்தில் கம்பம் சாய்ந்தால், சாய்த்த பிள்ளையே அதை நிமிர்த்திவிட்டுத் தொடரலாம். குவளையைக் கம்பத்தில் மாட்டும் ஆட்டத்தில் அது கீழே விழுந்தால் இறங்கி எடுக்கலாம். ஆனால் மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகே கம்பத்தில் மாட்ட வேண்டும். திருத்தாமல் ஓடிவந்தால் அணி முழுவதற்கும் அந்த ஆட்டத்தில் பூஜ்யம். ஆறு அணிகள் ஓடினால் முதலிடத்துக்கு 6 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. உதாரணமாக மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொண்டால், மூன்றிலும் மூன்றாவதாக வரும் அணிக்கு 12 புள்ளி. இரண்டில் முதலிடம் பிடித்து ஒன்றில் வெளியேற்றப்படும் அணிக்கும் அதே 12தான்.

இந்தக் கணக்கு புரிந்த பயிற்சியாளர் வேகத்தைக் கடைசியில்தான் கேட்பார். முதலில் நடையில், பிறகு மெதுவோட்டத்தில் பழக்குவார். குவளையை வேண்டுமென்றே தவறவிடச் சொல்லி, இறங்குவது, கடிவாள வாரை விடாமல் குனிவது, மறுபடி தாவி ஏறுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ய வைப்பார். பிள்ளை தரையில் தடுமாறும் அந்தச் சில நொடிகள் குதிரை பதறாமல் நிற்க வேண்டும். அது குளிர்காலம் முழுக்கப் பொறுமையாகப் பழக்கினால் மட்டுமே வரும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, எல்லோரும் பார்க்கும்போது அழாமல் திரும்பிப்போய்த் தவறைச் சரிசெய்யக் கற்கிறது. இதற்கு இணையான பாடம் வேறு விளையாட்டுகளில் அரிது.

ஆனால் எல்லாக் களத்திலும் இது நடப்பதில்லை. கடைசிக் கம்பத்தைச் சுற்றும் இடத்தைக் கவனித்தால் பயிற்சியின் தரம் தெரிந்துவிடும். நன்றாகப் பழகிய பிள்ளை கம்பத்துக்கு முன்பே உடலை நிமிர்த்திச் சேணத்தில் அழுந்த உட்காரும்; குதிரை தானாக வேகம் தணிந்து ஒட்டித் திரும்பும். பழகாத பிள்ளை இரு கையாலும் வாரை இழுக்கும். குதிரை வாயைப் பிளந்து, தலையை மேலே தூக்கி, அகலமாகச் சுற்றிவரும். சவுக்குக்கும் குதிமுள்ளுக்கும் தடை உண்டு. 53 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளை மிகச் சிறிய குதிரையில் ஏறக் கூடாதென்றும் விதி உண்டு. ஆனால் முரட்டுக் கையை எந்த விதியாலும் முழுதாகத் தடுக்க முடியாது. அது பயிற்சியாளரின் பொறுப்பு. வெற்றி கிடைத்துவிட்டது என்பதற்காக அதைக் கண்டுகொள்ளாமல் விடுபவரை நல்ல பயிற்சியாளர் என்று நான் ஏற்க மாட்டேன்.

அடுத்தது தேர்வு. அணியில் ஐந்து பேர். ஓர் ஆட்டத்தில் சவாரி செய்பவர்கள் நால்வர். யார் ஓடுவது என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றலாம். ஆனால் வட்டாரச் சுற்றில் தோற்றால் வசந்தத்திலேயே கோப்பைக் கனவு முடிந்துவிடும் என்ற அச்சம், பயிற்சியாளரை நான்கு வேகமான பிள்ளைகளோடு ஒட்டவைத்துவிடுகிறது. ஐந்தாவது பிள்ளை மழையிலும் குளிரிலும் பயிற்சிக்கு வந்து, போட்டியன்று பெரும்பாலும் ஓரமாக நிற்கிறது. இதே அச்சம்தான் ஏற்கெனவே பழக்கிய விளையாட்டுக் குதிரையைத் தேடி வாங்கப் பெற்றோரைத் துரத்துகிறது. சாதாரணக் குதிரைக்காகத் தொடங்கிய போட்டிக்கு இது பொருந்தாத போக்கு.

பயிற்சியாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நால்வரும் உழைத்திருக்க, சமத்துவத்தின் பேரில் அவர்களைத் தோற்க விடுவது சரியா என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் அந்தப் புள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. வேகம் குறைந்தாலும் கை நடுங்காத பிள்ளைக்குக் குவளை ஆட்டமும் கொடி ஆட்டமும் பொருந்தும். அங்கே தவறவிடாமல் வருவதே புள்ளி. எந்த ஆட்டம் ஐந்தாவது பிள்ளைக்குரியது என்பதைப் பருவம் தொடங்கும்போதே முடிவு செய்து, பெற்றோரிடமும் சொல்லிவிட்டு, நட்புப் போட்டிகளில் அதே வரிசையில் ஓடவிட்டுப் பழக்கலாம். வட்டாரச் சுற்று வரும்போது அந்தப் பிள்ளைக்கும் அதன் குதிரைக்கும் தங்கள் ஆட்டம் எது என்று தெரிந்திருக்கும்.