28 டாலர் வீடு

சென்ற வாரம் அக்கா பையன் மொபைலில் ஒரு வீடியோ காட்டினான். ஏதோ ஒரு குளிர் தேசம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். பைன் மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். பட்டை உரிக்கிறார்கள். முனைகளில் காடி வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இருபதே நிமிடத்தில் நாலு சுவர், கூரை, புகைபோக்கி. கடைசிக் காட்சியில் ஜன்னலில் மஞ்சள் விளக்கு, பின்னணியில் கிடார்.

பையன் உருகிவிட்டான். "மாமா, நாமளும் இதே மாதிரி ஒண்ணு கட்டணும்!"

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எல்லாம் சரிடா... நெலம் யாருது?"

பையனிடம் பதில் இல்லை. வீடியோவிலும் இல்லை. தன் வீட்டைத் தானே கட்டியவர்களின் கதைகள் நிறைய இருக்கின்றன. எல்லாமே படிக்க ஆனந்தமாக இருக்கும். ஆனால், அம்மாவின் இந்தக் கேள்வியை அவற்றின் முன்னால் வைத்தால் பல கதைகள் கொஞ்சம் தடுமாறும். அதில் ரொம்பப் புகழ்பெற்ற கதையையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் 'வால்டன்' 1854-ல் வெளிவந்தது. 1845-ல் ஒரு ஏரிக்கரைக் காட்டில் அவரே ஒரு வீடு கட்டி, ஜூலை 4 அன்று குடியேறி, இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமாக வாழ்ந்த அனுபவம். வீடியோவில் பார்த்ததுபோல முழுக்கட்டை அடுக்கிய வீடு இல்லை. பைன் மரத்தைச் செதுக்கிச் சட்டம் கட்டி, பலகை அடித்தது. பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். நம்மூர் கணக்கில் 150 சதுர அடி.

நான் பி.காம் முடித்த புதிதில் இந்தப் புத்தகத்தைப் படித்தேன். பிடித்துப்போனதற்குக் காரணம் இலக்கியம் இல்லை, கணக்கு. மனிதர் வீட்டுச் செலவை அரை சென்ட் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார். பலகை 8 டாலர் மூன்றரை சென்ட். ஆணி 3 டாலர் 90 சென்ட். பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். கண்ணாடியோடு இரண்டு பழைய ஜன்னல்கள், 2 டாலர் 43 சென்ட். ஆகமொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் ஓர் அறைக்குத் தரும் ஒரு வருஷ வாடகையே 30 டாலராம். ஒரு வருஷ வாடகையில் ஆயுசுக்கும் வீடு! வாடகை வீட்டில் வளர்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கவிதை உண்டா?

வீடியோ பார்த்த அன்றைக்கு ராத்திரி அதை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ஆடிட்டர் கண்ணோடு.

நிலம், அவருடைய நண்பர் எமர்சனுடையது. செலவுப் பக்கத்தில் பூஜ்யம். மரம், கல், மணல் மூன்றும் அங்கேயே எடுத்துக்கொண்டது. பூஜ்யம். அதற்கு அவர் சொல்லும் நியாயம், இடத்தில் குடியேறியவனுக்கு உள்ள உரிமை. நம் பாஷையில் சொன்னால், புறம்போக்கு உரிமை! அவருடைய உழைப்பு, பூஜ்யம். கோடரிகூட இரவல். திருப்பித் தரும்போது கூர் தீட்டித் தந்ததாகப் பெருமை வேறு.

தோரோ எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் அவரே எழுதியிருக்கிறார். நாம்தான் 28 டாலரை ஞாபகம் வைத்துக்கொண்டு, நாலு பூஜ்யங்களை மறந்துவிட்டோம்.

எனக்கு மறந்திருக்கக் கூடாது. ஏனென்றால், நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான்.

1986-ல் திருவொற்றியூர் கடலோரத்தில் எங்கள் வீடு எழும்பியது. எனக்கு ஆறு வயசு. அப்பா ஆர்க்கிடெக்ட், அம்மா என்ஜினீயர், நானும் அக்காவும் லேபர். அப்பா துறைமுகத்துப் பக்கம் லோடுமேன். வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும் பெட்டிகளின் பலகை பழைய மரக் கடைகளில் கிடைக்கும். அதுவும் பைன்தான். வீடியோவில் பார்த்த அதே ஜாதி மரம். அங்கே வீடாக நிற்கிறது, இங்கே பெட்டியாக வந்து வீடாகிறது!

கால் நடுவதற்கு விறகுத் தொட்டியிலிருந்து சவுக்குக் கட்டை. மண்ணுக்குள் போகிற பாகத்துக்கு அம்மா தார் பூசினாள், கரையான் ஏறாமல் இருக்க. ஆணி அடிக்கப் போன அப்பாவை எதிர்வீட்டு மாமா தடுத்தார். "கடல் காத்துக்கு ஆணி ரெண்டு வருசம் தாங்காது. கயிறு போடு." கட்டுமரம் கட்டுகிற கை அது. மரத்தோடு மரத்தைச் சேர்த்து அலையில் விட்டாலும் பிரியாத முடிச்சு. அதே முடிச்சில் எங்கள் மோட்டுவளை நின்றது. மேலே தென்னங்கீற்று. நாலைந்து வருஷம் கழித்து சிமெண்ட் ஷீட்.

நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தச் சுவரில்தான். 'திஸ் சைடு அப்' என்று அம்புக்குறி போட்ட பலகையை அப்பா தலைகீழாக அடித்துவிட்டார். அம்பு தரையைக் காட்டிக்கொண்டு இருந்தது, பத்து வருஷத்துக்கும் மேலாக.

இதை ரொமான்டிக்காகச் சொல்லிவிடக் கூடாது. மழைக்காலத்தில் தூக்கம் கிடையாது. கீற்றுக் கூரை இருந்தவரை, தெருவில் யாராவது "நெருப்பு"ன்னு கத்தினால் அம்மா முதலில் தூக்குவது ரேஷன் கார்டை, அப்புறம்தான் எங்களை. கழிப்பறை கிடையாது. அக்காவைக் கேட்டால் அந்த வீட்டைப் பற்றி வேறு கட்டுரை எழுதுவாள்.

நிலம்? புறம்போக்கு. அங்கே ஏன் இடம் காலியாகக் கிடந்தது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னைத் துறைமுகம் 1881-ல் திறக்கப்பட்டது. நம் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைக் குறுக்கே நின்று தடுத்தது. தெற்கே சேர்ந்த மணல் மெரினா பீச்சை அகலமாக்கியது. மணல் வராத வடக்கே, ராயபுரம் முதல் எங்கள் பக்கம் வரை, கடல் கரையை அரித்தது. நீங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு காலார நடக்கிற மணலில், எங்கள் பக்கம் வர வேண்டிய பங்கும் இருக்கிறது. கடல் தின்றுகொண்டிருந்த விளிம்பில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது.

நான் பிளஸ் டூ படிக்கும்போது நோட்டீஸ் வந்தது. வாடகைக்கு ஒரு ரூம் பார்த்தோம். பலகைகளை எண்ணூர் பக்கம் குடிசை போடப்போகும் ஒருவருக்கு அப்பா விற்றார். விடியற்காலையில் மீன்பாடி வண்டியோடு வந்தார் அவர். நாங்கள் ஒரு பக்கம் மூட்டையோடு கிளம்ப, மறுபக்கம் அவர் சுவரைக் கழற்றி அடுக்கினார். நல்ல மனுஷர். அம்மாவிடம், "மரம் கெட்டியா இருக்குதும்மா" என்றார்.

இப்போது மறுபடி 'வால்டன்'.

தோரோவின் செலவுக் கணக்கில் முதல் வரியே பலகை, 8 டாலர் மூன்றரை சென்ட். அதில் பெரும்பகுதி புதுப் பலகை இல்லை. ரயில் பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் கூலித் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு. ஆறு மணிக்கு தோரோ போகும்போது, அந்தக் குடும்பம் எதிரே நடந்து வருகிறது. மொத்த சொத்தும் ஒரே மூட்டையில். பூனை மட்டும் வரவில்லை.

அந்தப் பூனைக்கு என்ன ஆனது என்று தோரோ விசாரித்து எழுதியிருக்கிறார். காட்டுக்குள் ஓடி, ஒரு பொறியில் சிக்கிச் செத்தது. காலின்ஸ் குடும்பத்துக்கு என்ன ஆனது, எங்கே போய்த் தங்கினார்கள்? ஒரு வரி இல்லை.

இருபத்தோரு வயசில் படித்தபோது இந்த இடத்தை நான் எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. அதற்கு நாலு வருஷம் முன்னால்தான் நானே மூட்டையோடு நடந்திருந்தேன். ஆனாலும் தோரோவின் பக்கம் நின்றுகொண்டு, அவர் கண்ணால்தான் படித்திருக்கிறேன். நல்ல எழுத்தின் ஆபத்து இது. எழுதுகிறவன் நிற்கிற இடத்தில் நம்மையும் நிற்க வைத்துவிடும்.

புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் தன் வீட்டைத் தானே கட்ட முடியும் என்று அவர் சொன்னது சத்தியம். எங்கள் தெருவே சாட்சி. அவர் பெரிதாக நினைக்காதது, வீட்டுக்கு அடியில் இருக்கிற காகிதம்.

அந்தக் காகிதம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே உதாரணம். கட்டை அடுக்கும் வீட்டை அங்கே கொண்டுபோனவர்கள், 1638-ல் டெலவேரில் குடியேறிய ஸ்வீடன், பின்லாந்துக்காரர்கள். அப்படி ஒரு வீட்டில் பிறந்த ஆபிரகாம் லிங்கன், ஜனாதிபதியாகி 1862-ல் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள், வீடு கட்டு, பயிர் வை, ஐந்து வருஷம் குடியிரு, சின்னக் கட்டணத்தோடு நிலம் உன்னுடையது. அதாவது, அங்கே கட்டிய வீடு பட்டா வாங்கித் தரும் சாட்சி. நம்மூரில் கட்டிய வீடு ஆக்கிரமிப்புக்குச் சாட்சி! (அந்த 160 ஏக்கர்கள் செவ்விந்தியர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. அங்கேயும் மூட்டையோடு நடந்தவர்கள் உண்டு.)

"அதான் கவர்மென்டே மாடி வீடு கட்டித் தருதே?" என்பீர்கள். தருகிறது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்ததிலிருந்து லட்சக்கணக்கானோர் மழைக்கு நனையாமல் தூங்குகிறார்கள். 2021-ல் அதன் பெயர், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே வருஷம் டிசம்பர் 27-ம் தேதி, எங்கள் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பு ஒன்று சரிந்து விழுந்தது. 24 வீடுகள். விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அது 1993-ல் கட்டியது. வயசு 28.

பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. ஏழைக்குத் தேய்கிற பொருளைத் தந்துவிட்டு, தேயாத பொருளை யார் கையில் வைத்திருக்கிறோம்? கட்டிய வீட்டுக்கும் ஒதுக்கீட்டு ஆணையை வைத்துக்கொண்டு, விற்பனைப் பத்திரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம்.

வேறு வழி இல்லையா? இருந்தது, நம் ஊரிலேயே. 1977-ல் உலக வங்கிக் கடனில் கொடுங்கையூர், வில்லிவாக்கம், அரும்பாக்கம் ஆகிய இடங்களில் மனைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரோடு, தண்ணீர், சாக்கடை, கழிப்பறை அரசாங்கம் போடும். வீட்டை நீ கட்டிக்கொள், கையில் காசு வரும்போது வளர்த்துக்கொள். தவணையில் பணம் கட்டு, மனை உனக்கு. பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அந்தக் காசில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள்.

இந்த யோசனைக்குப் பின்னால் ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் தாக்கம் உண்டு. பெரு நாட்டுக் குடிசைப் பகுதிகளில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். வீடு என்பது பெயர்ச்சொல் இல்லை, வினைச்சொல் என்று வாதாடியவர். அதாவது, வீடு ஒருநாள் திறப்பு விழா நடத்தும் பொருள் இல்லை. குடும்பம் செய்துகொண்டே இருக்கும் வேலை.

மனை ஜனங்கள் உடனே வந்து நிரம்பவில்லை, ஏழைகள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்று குறை சொல்லி, இந்த வழியை 1990-களில் கைவிட்டார்கள். ஆனால், ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி என்ற மூன்று ஆய்வாளர்கள் இருபது வருஷம் கழித்து சென்னையிலும் மும்பையிலும் அந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்து, 2018-ல் எழுதினார்கள். தோல்வி என்று நாம் கைகழுவியவை, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருக்கின்றன என்பது அவர்கள் முடிவு. ஆய்வு படிக்க நேரமில்லை என்றால், கொடுங்கையூர் பஸ் பிடித்துப் போய்ப் பாருங்கள்.

வீடு கட்ட நம் ஜனங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெட்டிப் பலகை, சவுக்கு, கயிறு போதும், ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களால் எந்த முடிச்சுப் போட்டும் கட்ட முடியாத ஒரே பொருள் பட்டா. அதை மட்டும்தான் அரசாங்கம் கொடுக்க முடியும். அதை மட்டும்தான் கொடுக்க மனசு வருவதில்லை.

நேற்று பையன் மறுபடி வந்தான். அந்த வீடியோக் குடும்பத்தைப் பற்றித் தேடிப் பிடித்துவிட்டானாம்.

"ஆயா, அது அவங்க சொந்த நெலமாம். காசு குடுத்து வாங்கிட்டுத்தான் கட்டினாங்களாம்."

அம்மா கீரையிலிருந்து நிமிரவில்லை.

"அப்போ கட்டட்டும்" என்றாள்.